வண்டி பாதி வழியில் நின்றுவிடுகிறது, அவசரம், உதவுங்கள்

சேலத்துக்காரன்
அப்பா வண்டி. பத்து கிலோமீட்டர் போனதும் திணறி நின்றுவிடுகிறது. பத்து நிமிஷம் விட்டு செல்ஃப் அடித்தால் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடுகிறது. ஃபில்டர், பிளக் எல்லாம் மாற்றியாச்சு. ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயிலுக்குப் போகணும். என்ன செய்யலாம்?

மலைப்பாதை
என்ன வண்டி, எந்த வருஷம்? பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பழைய கார்புரேட்டரா, கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சும் எம்பிஎஃப்ஐயா?

பியட்_பிரியன்
இதில் என்ன சந்தேகம், வெயிலில் பெட்ரோல் லைனிலேயே கொதித்து ஆவியாகிறது. பம்ப் மேல் ஈரத் துணி போடுங்கள். என் பத்மினி காரில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் துணி இருக்கும்.

ஸ்பேனர்சாமி
"அப்பா வண்டி" என்று ஒரு மாடல் இதுவரை யாரும் விற்கவில்லை. விவரம் இல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும். இதே கேள்விக்கு இங்கே நூறு தடவை பதில் எழுதியாச்சு. தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது.

சேலத்துக்காரன்
மன்னிக்கவும். மாருதி 800, 1996, கார்புரேட்டர். ராத்திரியிலும் நிற்கிறது, அதனால் வெயில் இல்லை என்று நினைக்கிறேன்.

தறிக்காரர்
பெட்ரோல் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கும். நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள், புஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் அதுதான்.

எலக்ட்ரீசியன்_மணி
ஸ்பார்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலாகவும் இருக்கலாம். சூடானால் கரண்ட் விட்டுவிடும், ஆறினால் வந்துவிடும்.

மலைப்பாதை
காயிலா பெட்ரோலா என்று ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம் தம்பி. நின்றதும் ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். பெட்ரோல் சிறு தாரையாகப் பீய்ச்சினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, காயில் பக்கம் போங்கள். பீய்ச்சாவிட்டால் கிண்ணம் காலி. அப்புறம் ஒன்று: வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது, அதாவது ஐடிலிங்கில், நிற்கிறதா, வேகமாகப் போகும்போது மட்டுமா?

இ20_எதிரி
அரசாங்கம் எத்தனால் கலக்க ஆரம்பித்ததிலிருந்து பழைய வண்டி எல்லாம் இப்படித்தான். ரப்பர் எல்லாம் ஊறிப்போகும். பம்புக்குள் இருக்கும் ரப்பர் தகடு, டயாபிரம், போயிருக்கும்.

பியட்_பிரியன்
எதற்கெடுத்தாலும் எத்தனால்! 1996-லும் வண்டிகள் நடுரோட்டில் நின்றன ஐயா. உங்கள் பெட்ரோல் பங்கில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்தீர்களா?

இ20_எதிரி
அளந்தேன். அளவு ஜாடியில் 90 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வைத்தேன். தெளிந்ததும் அடியில் 28 மில்லி நின்றது. கூடுதலாக வந்த 18 மில்லியும் எத்தனால். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பியட்_பிரியன்
சரி, கலப்பு இருக்கிறது. அதனால்தான் இந்த வண்டி நிற்கிறது என்று எந்த ஜாடி சொன்னது?

சேலத்துக்காரன்
மூடி திறந்தேன், புஸ் இல்லை. கம்பி இழுத்தேன், ஒரு சொட்டு வரவில்லை. ஐடிலிங்கில் அரை மணி நேரம் விட்டேன், நிற்கவே இல்லை. நாலாவது கியரில் 60 போனால்தான் நிற்கிறது.

மலைப்பாதை
அப்படியானால் பெட்ரோல் வரும் வழியில் எங்கோ அடைப்பு. ஐடிலிங்குக்குக் கசிகிற பெட்ரோலே போதும், 60-க்குப் போதாது, கிண்ணம் காலியாகிவிடும். பத்து நிமிஷத்தில் மெல்ல வந்து நிறைகிறது. ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி பானெட்டுக்குள் கட்டி, அதிலிருந்து பம்புக்கு ட்யூப் விட்டு ஓட்டிப் பாருங்கள்.

ஸ்பேனர்சாமி
சூடான புகைக்குழாய் பக்கத்தில் பெட்ரோல் பாட்டிலா? வண்டியோடு ஆளும் போக வழி சொல்கிறீர்களே! நிறுத்தி வைத்தே பார்க்கலாம். எஞ்சின் ஆறட்டும். காயிலுக்குப் போகும் சின்ன ஒயரைக் கழற்றுங்கள், ஸ்பார்க் வரக் கூடாது. பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு கேனுக்குள் விட்டு இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் பம்பின் இழுக்கும் பக்க ஹோஸைக் கழற்றி, வேறொரு கேன் பெட்ரோலில் முக்கி அதே மாதிரி அடியுங்கள். இரண்டு தடவையும் சொட்டினால் பம்ப். கேனிலிருந்து மட்டும் வேகமாகப் பீய்ச்சினால் கோளாறு டேங்க் பக்கம்.

மலைப்பாதை
சாமி சொல்வது சரி, என் பாட்டிலை விட்டுவிடுங்கள். டேங்க் பக்கம் என்று தெரிந்தால் உள்ளே சல்லடை துருவால் அடைத்திருக்கிறதா பாருங்கள். டேங்கையும் இரும்புக் குழாயையும் சேர்க்கும் ரப்பர் ஹோஸையும் விடாதீர்கள். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்சுவர் உரிந்து, பம்ப் இழுக்கும்போது ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு தடவை அதைப் பார்க்காமல் டேங்கையே இறக்கினேன்.

இ20_எதிரி
ரப்பர் உரிவது எதனால் என்று நான் சொல்லவே வேண்டாம்.

பியட்_பிரியன்
முப்பது வருஷ ரப்பர் சும்மாவே உரியும் ஐயா.

சேலத்துக்காரன்
ஹோஸ்தான். டேங்கிலிருந்து சொட்டுச் சொட்டாக, கேனிலிருந்து வேகமாக வந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே தீக்குச்சி நுழையவில்லை. மாற்றியாச்சு, கோயிலுக்குப் போய் வந்தாச்சு. எல்லோருக்கும் நன்றி.

ஸ்பேனர்சாமி
என்ன ஹோஸ் போட்டீர்கள்? எத்தனால் தாங்கும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 ரகமா, கடையில் கொடுத்த தண்ணீர் ட்யூபா? கிளிப் புதுசா?

ஸ்பேனர்சாமி
தம்பி?

ஆம்னி_அன்பு
எனக்கும் இதே பிரச்சினை, வண்டி நின்றுவிடுகிறது. யாராவது சொல்லுங்கள், அவசரம்.

ஸ்பேனர்சாமி
மாடல்? வருஷம்?