வேதத்தில் எந்த இடத்தில் தேவனுடைய அன்பு உங்களுக்குப் பிடிபட்டது? (அனுபவப் பகிர்வு)

கல்லடிக்கரை:

சுனாமிக்குப் பிறகு முகாமில் கண்ட ஒன்றை இன்றுவரை மனதிலிருந்து இறக்கி வைக்க முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மட்டக்களப்பு நாவலடி அந்த அலையில் எப்படிப் போனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். அங்கிருந்து தப்பி வந்த ஒரு அக்கா எங்கள் முகாமில் வகுப்பறை மூலையில் இருந்தா. பிள்ளைகள் இருவரும் இல்லை. வெளியூரிலிருந்து வந்த ஜெபக் குழு ஒன்று அவவைச் சுற்றி இருந்து ரோமர் 8:28ஐ வாசித்தது. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற வசனம். அவ ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டா.

மறுகா எங்கள் சபை உபதேசியார் வந்தார். அவரும் அதே அலையில் சொந்தங்களைப் பறிகொடுத்தவர். பாயில் இருந்து, கண்ணாடியைச் சட்டையில் துடைத்து, 88ஆம் சங்கீதத்தை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். ஏழாம் வசனம் வந்தது: "உம்முடைய அலைகள் எல்லாவற்றினாலும் என்னை வருத்தப்படுத்துகிறீர்." அந்த இடத்தில் அவ தலைப்பை விலக்கி அவரைப் பார்த்தா. அவர் நிறுத்தவில்லை, கடைசி வசனம் வரை போனார். அந்தச் சங்கீதம் எப்படி முடிகிறது என்று வாசித்தவர்களுக்குத் தெரியும். ஆறுதலும் இல்லை, துதியும் இல்லை, அறிமுகமானவர்கள் எல்லோரும் மறைந்துபோனார்கள் என்றே முடிகிறது. அவர் புத்தகத்தை மூடினார். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை.

"உபதேசியார், இதுவும் வேதத்திலயா கிடக்கு?"

"ஓம் புள்ள. இதுவும் அவர்ர வார்த்ததான்."

"இன்னொருக்கா வாசிங்க."

தேவன் அன்பானவர் என்று ஓய்வுநாள் பாடசாலையில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். தன்மேல் வைக்கப்பட்ட முறைப்பாட்டை ஒரு எழுத்தும் அழிக்காமல் தன் புத்தகத்திலேயே வைத்திருக்கிற தேவன் அவர் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. உங்களுக்கு எந்த இடத்தில் பிடிபட்டது? எழுதுங்கள்.

அக்கரைப்பற்று டீச்சர்:

எனக்கு லூக்கா 15. ஆனால் அதை எனக்குத் திறந்து காட்டியது ஒரு சைவப் பெரியவர்.

நாங்கள் விறாந்தையில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துவோம். பக்கத்து வளவில் ஒரு வயதான போடியார். ஒரு காலத்தில் நிறைய வயல், அதைப் பார்க்க முல்லைக்காரன், ஆட்கள் என்று இருந்தவர். வேலிக்கு அங்கால் சாய்மனைக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார், வாய் திறக்கமாட்டார். அன்று கெட்ட குமாரன் கதை. அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் அவனைக் கண்டு, மனதுருகி, ஓடி என்று வாசித்ததுதான் தாமதம், வேலிக்கு அங்காலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், கொஞ்சம் நில்லுங்க. ஆரு ஓடின? மகனா?"

"இல்லை ஐயா, தகப்பன்."

"வேலக்காரன் ஓடுவான். முல்லக்காரன் ஓடுவான். போடியார் எங்கயாவது ஓடுவாரா? அதுவும் சொத்தப் பிரிச்சி வாங்கி அழிச்சிப்போட்டு வாறவனுக்கு, ஊர் பாக்க?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் எழுந்து வேலியடிக்கு வந்து, கம்பைப் பிடித்துக்கொண்டு, "அந்த இடத்த மறுகாலும் வாசிங்க" என்றார். வாசித்தேன். அவருடைய மூத்த மகன் சண்டைபோட்டு வெளிநாடு போனவர் என்பது எங்கள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்த விஷயம்.

அன்றிரவு உபாகமம் 21ஐ எடுத்துப் பார்த்தேன். தாய் தகப்பன் சொல் கேளாத துஷ்டப் பிள்ளையை ஊர் வாசலுக்குக் கொண்டுபோய், ஊர் மனிதர் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்று அங்கே இருக்கிறது. இயேசு சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டிருந்த பரிசேயருக்கும் வேதபாரகருக்கும் இது மனப்பாடமாக இருந்திருக்கும். அப்படியென்றால் ஊர் அவனைச் சந்திக்கும் முன் தகப்பன் சந்தித்துவிட வேண்டும். ஓடாமல் முடியாது. மகன் மனதில் கட்டிக்கொண்டு வந்த மன்னிப்புப் பேச்சைச் சொல்லத் தொடங்கும் முன்பே முத்தம் கிடைத்துவிடுகிறது. வரிசையைப் பாருங்கள், லூக்கா அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

செங்கலடிச் சகோதரன்:

கல்லடிக்கரை அண்ணன், மனம் நோகாமல் கேளுங்கள். 88ஆம் சங்கீதத்தோடு ஒரு தாயை விட்டுவிட்டு வருவது சரியென்று எனக்குப் படவில்லை. ரோமர் 8:28ஐ வாசித்தவர்கள் வாசித்த நேரம் பிழையாக இருக்கலாம், வசனம் பிழையல்ல. அதே அதிகாரம் 26ஆம் வசனத்தில் ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்கிறது. முடிவில், மரணமும் ஜீவனும் உயர்வும் தாழ்வும் அவருடைய அன்பை விட்டு நம்மைப் பிரிக்கமாட்டாது என்கிறது. ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்ததுதான் வினை.

என் சங்கதி சின்னது. வருடப் பிறப்பு இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம்தானே. எனக்கு எரேமியா 29:11 வந்தது. அவருடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்ற வசனம். அந்த வருடம்தான் வேலை போனது, அம்மாவும் போனா. கோபத்தில் அதிகாரம் முழுவதையும் வாசித்தேன். பத்தாம் வசனத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது! பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. கேட்டவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அவர்களிடம்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறார். மட்டக்களப்பாருக்கு இது விளங்கும். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஐயர் 1814இல் இங்கே வந்து, ஒரு வருடம்கூட நிறையாமல் 1815இல் கண்ணை மூடினார். அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. அவர் அதைப் பார்க்கவில்லை.

சரி, இதை வாசிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்லவேண்டும். தேவனை அறியவேண்டும் என்றால் அட்டையை வைத்துவிட்டு ஒரு புத்தகத்தை முழுதாக எடுங்கள். மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், ஒரு பின்னேரத்தில் முடிக்கலாம். சத்தமாக வாசியுங்கள். கதை எங்கே நிற்கிறது, இயேசு யாரைத் தொடுகிறார், யாருக்காக நிற்கிறார் என்று பாருங்கள். முதலாம் அதிகாரத்தில் குஷ்டரோகியை வார்த்தையாலேயே சுகமாக்கியிருக்கலாம். கையை நீட்டித் தொடுகிறார். எத்தனை வருடமாக ஒருவரும் தொடாத உடம்பு அது! பத்தாம் அதிகாரத்தில் ஐசுவரியவான் ஒருவன் வருகிறான். இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று எழுதியிருக்கிறது. மாற்கு தன் புத்தகத்தில் வேறெந்தத் தனி ஆளைப் பற்றியும் அப்படி எழுதவில்லை. அவனோ சொத்தை விட மனமில்லாமல் துக்கத்தோடு திரும்பிப் போனவன். போகிறவன் என்று தெரிந்தும் அன்புகூர்ந்தார். இதைப் பத்து வருடம் சபையில் இருந்தும் நான் கேள்விப்படவில்லை, வாசித்துத்தான் கண்டேன். மாற்கு முடிந்ததும் யோவானுடைய முதலாம் நிருபம், ஐந்து அதிகாரம். அப்புறம் ஓசியா. பதினோராம் அதிகாரத்தில் எப்பிராயீமைக் கைபிடித்து நடக்கப் பழக்கினேன் என்று தேவன் சொல்லுகிற இடத்தில் அவசரப்படாதீர்கள். விளங்காத இடத்தில் கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். போதகரிடம் பிறகு கேட்கலாம். காலையில் எழும்பியதும் ஃபோனை எடுக்கும் முன் வாசியுங்கள், எடுத்தபின் மனம் நில்லாது.

கல்லடிக்கரை:

தம்பி, உபதேசியார் விட்டுவிட்டுப் போகவில்லை. அடுத்த கிழமையும் வந்தார். அந்த அக்காவே அடுத்ததை வாசிக்கச் சொன்னா. 89ஆம் சங்கீதம், கர்த்தரின் கிருபைகளை என்றென்றைக்கும் பாடுவேன் என்று தொடங்குகிறது. அதே சங்கீதம் 49ஆம் வசனத்தில், ஆண்டவரே, உமது முந்தின கிருபைகள் எங்கே என்று கேட்கிறது. இரண்டையும் அவ கேட்டா. ரோமர் எட்டும் பிறகு வந்தது, அவவாக எடுத்தபோது. எந்த வசனத்தையும் நான் தள்ளவில்லை.

தாண்டவன்வெளி:

நாங்கள் கத்தோலிக்கர். 2019 உயிர்ப்புப் பெருவிழா அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததை இங்கே விவரிக்க எனக்கு மனமில்லை. ஞாயிறு வகுப்பு முடிந்து நின்ற பிள்ளைகள். போதும்.

நான் சொல்ல வந்தது அடுத்த ஞாயிறு பற்றி. ஏப்ரல் 28. கோயில்களில் திருப்பலி இல்லை. கொழும்பில் கர்தினால் நிறைவேற்றிய திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். முன்கதவு, பின்கதவு, யன்னல் எல்லாம் பூட்டு. ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றாலே எங்கள் அவர் எழும்பிப் போய்த் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பார்.

அன்றைய நற்செய்தி யோவான் 20. ஒவ்வொரு வருடமும் உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு அதுதான் வாசிப்பு. ஒருவரும் தேடி எடுத்ததல்ல. சீடர்கள் பயந்து கதவுகளை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். இயேசு வந்து நடுவில் நிற்கிறார். கையையும் விலாவையும் காட்டுகிறார். என் சின்ன மகள் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே கேட்டாள், "உயிர்த்த பிறகும் ஏன் மம்மி காயம் மாறல்ல?"

எனக்கு வார்த்தை வரவில்லை. எங்கள் அவர்தான் சொன்னார், "அது மாறியிருந்தா தோமையார் அவர அடையாளம் கண்டிருக்கமாட்டார் மகள்." அவள் அதோடு விட்டுவிட்டாள். நான் விடவில்லை. எசாயா 49இல் என் உள்ளங்கைகளில் உன்னைப் பொறித்திருக்கிறேன் என்று ஆண்டவர் சொல்லுகிற இடம் சின்ன வயதிலிருந்தே தெரியும். பிள்ளைகளைப் புதைத்த கிழமையில், பூட்டிய வீட்டுக்குள், ஆறாத காயத்தோடு வருகிற ஒருவரை நான் கண்டேன். சாவை வென்றவர் காயத்தை மட்டும் ஏன் வைத்துக்கொண்டார்? அந்தக் கேள்விக்காகவே ஒவ்வொரு வருடமும் அந்த ஞாயிறுக்காகக் காத்திருக்கிறேன்.

பாண்டிருப்பு மகள்:

செங்கலடித் தம்பி, உங்கள் வாசிப்பு முறை நல்லது. ஆனால் என் அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தேவனை அறியாமலா போனா?

அம்மா ஒவ்வொரு உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசி எடுத்துப் பக்கத்துப் பானையில் போடுவா. எங்கள் சபையில் எல்லா வீட்டிலும் பிடியரிசி உண்டு, பெரும்பாலும் சபைக்குப் போகும். அம்மாவுடையதில் ஒரு பங்கு எல்லை வீதிக்கு அங்கால் இருந்த ஒரு முஸ்லிம் ராத்தாவுக்குப் போகும். புருஷன் இல்லாத மனுசி. இரண்டு பக்கமும் ஆட்கள் பயந்து போய் வராத காலத்திலும் போனது. அம்மா அரிசியைச் சேலை மடியில் கட்டிக்கொண்டு, மேலே ஒரு கட்டு அகத்திக்கீரை வைத்து மறைத்துக்கொண்டு போவா. ஒரு நாள் நான் அழுதுகொண்டு வாசலை மறித்தேன். அம்மா என்னை ஒதுக்கிவிட்டுச் சொன்னது: "அவ பட்டினி கிடக்கிற தெரிஞ்சும் நான் திண்டா, ஜெபிக்கிற நேரம் ஆரோட மனே பேசுற?"

எரேமியா 22:16ஐ யாராவது எடுத்துப் பாருங்கள். யோசியா ராஜா சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான், "அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு" என்று கர்த்தர் சொல்லுகிறார். அம்மா காலமான பிறகுதான் இந்த வசனத்தைக் கண்டேன். அம்மாவின் செத்த வீட்டில் வாசலுக்கு உள்ளே வராமல் வேலியோரம் நின்று அழுதது அந்த ராத்தாதான். அவவைக் கைபிடித்து உள்ளே கூட்டிவந்தது என் அப்பா. அன்பில்லாதவன் தேவனை அறியான் என்று யோவான் எழுதியதை நான் அந்த வீட்டில்தான் படித்தேன்.

செங்கலடிச் சகோதரன்:

அக்கா, எரேமியாவைக் கோபத்தில் முழுதாக வாசித்தேன் என்று மேலே எழுதியது 29ஆம் அதிகாரத்தைத்தான். 22ஐ உங்களால்தான் இப்போது எடுத்தேன். அதற்கு முந்தின 13, 14ஆம் வசனங்களில் யோசியாவின் மகனைப் பற்றி இருப்பதையும் பாருங்கள். விசாலமான வீடு, கேதுரு மரம், சிவப்பு வர்ணம், கூலி கொடுக்காமல் வேலை. ஒரே வீட்டில் தகப்பன் அவரை அறிந்தவன், மகன் அறியாதவன். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஒலிவடிவ வேதாகமம் ஃபோனிலேயே கிடைக்கிறது, சபையில் பெரியவர்களுக்குப் போட்டுக் கொடுங்கள்.

கல்முனைப் பொடியன்:

எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அதனால் கதை இல்லை. போடியார் கேட்டதை மட்டும் நான் மூன்று தரம் வாசித்தேன். டீச்சர், அவருடைய மகன் வந்தாரா?

மாற்குவைச் சத்தமாக வாசிக்க ஆட்கள் தேவை. ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் வீட்டு விறாந்தையில் தொடங்கலாம். கதிரை குறைவு, பாய் இருக்கிறது. அம்மா தேத்தண்ணி போடுவா. வருகிறவர்கள் இங்கே சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று டீச்சர்:

இன்னும் வரவில்லை தம்பி. ஃபோன் எடுக்கிறார். நான் ஞாயிறு வருகிறேன்.