விளக்கு வாங்கும் முன் செடியை முடிவு செய்யுங்கள்

நன்னீர் மீன்தொட்டிக்கு எந்த விளக்கு நல்லது என்று கேட்டவர்களுக்காக, நான் கூட இருந்து பார்த்த இரண்டு தொட்டிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒன்று சிங்கப்பூர் ஈசூனில் என் மச்சான் வீட்டுத் தொட்டி. இரண்டடி நீளம், சுமார் 60 லிட்டர். கட்டையில் கட்டிய அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கொஞ்சம் மோஸ். மூன்றுமே மெதுவாக வளர்பவை, குறைந்த வெளிச்சமே போதும். மேலே மாட்டியிருந்ததோ, தண்ணீருக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயு விட்டு அடர்த்தியாகச் செடி வளர்ப்பவர்களுக்கான எல்இடி. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது போட்டால் இரவு படுக்கும்போதுதான் அணைப்பார். ஹால் ஜன்னல் வேறு மேற்குப் பக்கம். சாயங்கால வெயில் நேராகத் தொட்டிக் கண்ணாடியில் அடிக்கும். அனுபியாஸ் இலை முழுக்கப் பச்சைப் பாசிப் புள்ளி. விரலால் தேய்த்தால் போகாது, நகத்தால் சுரண்ட வேண்டும். புது இலை விடவே அந்தச் செடிக்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால் பழைய இலை பாசியோடு அப்படியே நிற்கும்.

“உரம் பத்தலையா மச்சான்?” என்று கேட்டார். வெளிச்சம்தான் அதிகம் என்றேன். வெளிச்சம் கூடினால் கார்பன் டை ஆக்சைடும் சத்தும் அதற்கேற்பக் கூட வேண்டும். அது கிடைக்காவிட்டால் செடி வளர்ச்சி நின்றுவிடும், பாசி வளர்வது நிற்காது. விளக்கைப் பாதியாக மங்கலாக்கி, டைமர் போட்டு மாலை 4 முதல் 10 வரை மட்டும் எரிய விட்டோம். வேலை விட்டு வந்து உட்கார்ந்து பார்க்கிற நேரமும் அதுதானே. ஜன்னலுக்குத் திரை போட்டாயிற்று. கெட்டுப்போன இலைகளை வெட்டினோம். அப்புறம் வந்த இலைகள் சுத்தமாக இருக்கின்றன.

இன்னொன்று எங்கள் புளோக்கில், எதிர்வீட்டு ஆன்ட்டியின் தொட்டி. நியான் டெட்ரா வைத்திருக்கிறார். விளக்கு எரியும்போதெல்லாம் மீன்கள் ஃபில்டருக்குப் பின்னால் ஒடுங்கி நிற்கும், நிறமும் வெளிறிப்போகும். நோய் என்று பயந்து மருந்து வாங்கக் கிளம்பிவிட்டார். நியான்கள் அமேசான் பகுதியில், மரநிழல் விழும் மங்கலான ஓடைகளைச் சேர்ந்தவை. அடியில் வெள்ளை மணல், மேலே பளீரென்ற விளக்கு என்றால் ஒளியத்தான் பார்க்கும். மிதக்கும் செடி கொஞ்சம் விட்டு, விளக்கை மங்கலாக்கி, மணலைக் கறுப்பாக மாற்றினோம். இப்போது நடுத்தொட்டியில் கூட்டமாக நீந்துகின்றன. அந்த நீலக்கோடு மின்னுவதைப் பார்க்க அவர் பேரன் ஓடி வருகிறான்.

வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். லிட்டருக்கு இத்தனை வாட் என்பதெல்லாம் பழைய டியூப்லைட் காலத்துக் கணக்கு, எல்இடிக்குப் பொருந்தாது. கார்பன் டை ஆக்சைடு விடாத தொட்டிக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் (விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு) என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது. துல்லியமான அளவு இல்லை, தொடங்குவதற்கு ஒரு கணக்கு. தொட்டி ஆழமாக இருந்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், அடி வரை போய்ச் சேர வேண்டும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், அது 6500 பக்கம் இருந்தால் செடிப் பச்சை இயல்பாகத் தெரியும். விலை குறைவு என்று பவளத் தொட்டிக்கான நீல விளக்கை வாங்காதீர்கள். அது கடல்நீருக்கு, நம் தொட்டியில் எல்லாமே நீலமாகத் தெரியும். சிவப்பு ரொட்டாலா மாதிரிச் செடி மேல் ஆசை இருந்தால் கணக்கு வேறு: வலுவான விளக்கு, கார்பன் டை ஆக்சைடு, உரம் மூன்றும் சேர்ந்தே வர வேண்டும்.

சிராங்கூன் நார்த் மீன்தொட்டிக் கடைகளுக்குப் போனால் தொட்டியின் நீளம், உயரம், செடிகளின் படம் மூன்றையும் கைப்பேசியில் கொண்டு போங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ளதாகக் கேளுங்கள், இருபது முப்பது வெள்ளி கூடினாலும் பரவாயில்லை. மாட்டும்போது வயரைச் சாக்கெட்டுக்குக் கீழே வளைத்துத் தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றிச் சொருகுங்கள். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.