காய்ச்சல் ஆகஸ்டில், முடி கொட்டுவது தீபாவளிக்கு

யாங்கூன், மருந்துக்கடை:
மழைக்காலத்தில் டெங்கு கண்டவர்களுக்குத் தீபாவளி வாக்கில் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். பழி புது ஷாம்பூ மேல் விழும். தலைமுடி 2 முதல் 6 வருடம் வளரும்; அது அனாஜன். பிறகு 2, 3 வாரத்தில் வேர் சுருங்கும் கேட்டஜன். அடுத்தது ஓய்வுக் கட்டம், டெலோஜன்: சுமார் 3 மாதம் வளராமல் அப்படியே நிற்கும், அப்புறம் உதிரும். கடும் காய்ச்சல், பிரசவம், பட்டினி மூன்றும் வளர்கிற முடியைக் கூட்டமாக ஓய்வுக்குத் தள்ளிவிடும். அது தெரியவர 2, 3 மாதம் ஆகும்.

மோல்மீன்:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் விழுந்த முடியை முதலில் வெளிச்சத்தில் பாருங்கள். வேர்ப்பக்க முனையில் வெள்ளைக் குமிழ் இருந்தால் ஆயுள் முடிந்து விழுந்தது. குமிழ் இல்லையென்றால் பெரும்பாலும் அறுந்தது: ஈரத்தில் சீவியது, சாயம் வெளுத்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 போவது இயல்பு. நாலு நாள் தலைக்குக் குளிக்காமல் இருந்து குளித்தால் நாலு நாள் கணக்கும் ஒன்றாக வரும், பயப்பட வேண்டாம். சந்தேகமா? 50, 60 முடியை மூன்று விரலால் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை மெதுவாக இழுங்கள். ஆறுக்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு நடக்கிறது. காலையில் தலைக்குக் குளித்திருந்தால் குறைவாகத்தான் வரும், மறுநாள் பாருங்கள்.

பெகு, சலூன்:
மொட்டை போட்டால் அடர்த்தி கூடாது. கத்தி வேரைத் தொடுவதே இல்லை. வெட்டுமுனை மழுங்கலாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பு, அவ்வளவுதான். மாதம் 1 செ.மீ. வளரும். 6 வருட அனாஜன் உள்ளவருக்கு 72 செ.மீ. சடை, 2 வருடம்தான் என்றால் 24-ஐத் தாண்டாது, எந்த எண்ணெய் தேய்த்தாலும். புருவம் குட்டையாகவே இருப்பதும் அதன் அனாஜன் குறைவு என்பதால்தான். பர்மியப் புத்தாண்டான திஞ்ஞானுக்கு தயாவ் மரப்பட்டையும் சீயக்காயும் போட்டு அலசுகிறார்களே, அழுக்குப் போகும், வாசனை வரும். முடியின் வளர்ச்சிக் கட்டம் மாறாது.

யாங்கூன், மருந்துக்கடை:
ஒன்று விட்டுப்போச்சு. முடி வளரத் தடவும் மினாக்சிடில் மருந்தைத் தொடங்கி 2 முதல் 8 வாரத்துக்குள் உதிர்வு கூடலாம். ஓய்வில் இருந்த பழைய முடியைப் புது முடி தள்ளுகிறது. பலர் அங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். காய்ச்சல் உதிர்வு 6 மாதத்தில் தணியாவிட்டாலோ, காசளவு வழுக்கை விழுந்தாலோ, வகிடு அகன்றாலோ தோல் டாக்டரிடம் காட்டி, இரும்புச்சத்தும் தைராய்டும் சோதியுங்கள்.