கியோட்டோ: ஏப்ரலா, நவம்பரா?

வணக்கம். அடுத்த வருஷம் அம்மா, அப்பாவோடு ஒரு வாரம் ஜப்பானில் கியோட்டோ போகலாம் என்று இருக்கிறோம். எந்த மாதம் என்பதில்தான் இழுபறி.

அம்மாவுக்குச் செர்ரிப் பூ பார்க்க ஆசை. அது மார்ச் கடைசியில் பூக்கத் தொடங்கும். முழுதாகப் பூத்து நிற்பது ஒரு வாரம்தான். நடுவில் நல்ல மழை அடித்தால் போச்சு. டிக்கெட்டையோ பல மாதம் முன்னாலேயே போட்டாக வேண்டும். மேப்பிள் இலைகளின் சிவப்பு அப்படியில்லை, நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம்வரை தாக்குப்பிடிக்கும். என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் அப்போது சாயங்காலம் 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடும், விடிகாலைக் குளிர் வேறு. அப்பாவுக்குக் குளிர் ஆகாது.

இரண்டு பருவத்திலும் போனவர்கள் இருந்தால் சொல்லுங்களேன். தோஃபுகுஜி கோயில் பாலத்தில் நவம்பர் கூட்டத்துக்கு நடுவே மூட்டுவலிக்காரர் நிற்க முடியுமா? கியோமிசு கோயில் ஏற்றத்தில் டாக்ஸி எதுவரை போகும்? அப்புறம், நாங்கள் சைவம். மீன் சாறு கலக்காத சாப்பாடு எந்தப் பக்கம் சுலபமாகக் கிடைக்கும்?

ஏப்ரல் கடைசி மட்டும் வேண்டாம். அங்கே தொடர் விடுமுறை, பூவும் இருக்காது.