ஜாக் தி ரிப்பர் கதையில எது நெசம், எது பின்னாடி சேத்தது?

தக்கலை வாசகன்:
எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரி எனக்க மச்சான்கூட பெரிய வாக்குவாதம். ஏதோ யூடியூப் வீடியோ பாத்துட்டு வந்து, ஜாக் தி ரிப்பர் யாருன்னு டிஎன்ஏ வச்சு கண்டுபிடிச்சாச்சு, கேஸ் முடிஞ்சுன்னு அடிச்சு சொல்லுதான். போன வருஷம் இதே ஆளு, அவன் ராணிக்க டாக்டராக்கும், அரச குடும்பத்து மானத்தை காப்பாத்த கொன்னான்னு சொன்னான். எனக்கு தெரிஞ்சது 1888ல லண்டன் வைட்சாப்பல்ல அஞ்சு பொம்பளைகளை கொன்னான், ஆளு கிட்டல்ல, அவ்வளவுதான். அந்த உயரத் தொப்பி, கறுப்பு கோட்டு, டாக்டர் பை, போலீசுக்கு போட்ட லெட்டர், இதுல எது நெசம்?

குழித்துறை பாலம்:
தம்பி, முதல்ல அந்த பேரே கொலைகாரனுக்க பேருன்னு சொல்ல முடியாது. 1888 செப்டம்பர் 25ன்னு தேதி போட்டு ஒரு லெட்டர் சென்ட்ரல் நியூஸ்ங்கிற செய்தி ஏஜென்சிக்கு வந்து, கவனிங்க, போலீசுக்கு இல்ல, ஏஜென்சிக்கு, அதுக்க அடியிலதான் ஜாக் தி ரிப்பர்னு கையெழுத்து, அதுக்கு முன்னாடி ஊர்க்காரங்க ‘லெதர் ஏப்ரன்’னுதான் சொல்லிட்டிருந்தாங்க. அது பத்திரிகைக்காரன் வேலைன்னு பெரிய போலீஸ் அதிகாரிகளே பின்னாடி எழுதி வச்சிருக்காங்க. ஊர்க்காரங்க வச்ச காவல் குழுவுக்க தலைவர் லஸ்க்குங்கிறவருக்கு பாதி கிட்னியோட வந்த லெட்டர் வேற, அதுவும் கடைசிவரை உறுதியாகல்ல.

தொப்பியும் கோட்டும் நாடகம் சினிமா போட்டுவிட்ட வேஷம். செத்த அஞ்சு பேருல ஒருத்தி கேத்தரின் எடோஸ், அவங்க கொலை நடந்த மைட்டர் ஸ்கொயர் பக்கத்துல அவங்ககூட ஒருத்தனை பாத்த சாட்சி சொன்னது முன்பக்கம் நீட்டின தொப்பி, கழுத்துல செவப்பு துணி, பாத்தா கப்பல் வேலைக்காரன் மாதிரி. டாக்டர்ங்கிறதுல அன்னைக்கு டாக்டர்மாருக்கே ஒத்த கருத்து இல்ல, பிலிப்ஸ் உடற்கூறு தெரிஞ்சவன்னாரு, தாமஸ் பாண்டு கசாப்புக்காரன் அளவுக்குகூட தெரியாதுன்னாரு.

ராணி டாக்டர் சங்கதியை விட்டிருங்க. அந்த டாக்டர் வில்லியம் கல்லுங்கிறவருக்கு அப்பம் 70 வயசுக்கு மேல, முந்தின வருஷம் பக்கவாதம் வேற வந்திருக்கு. அந்தக் கதையில இழுக்குத இளவரசர், ராணிக்க பேரன், ரெண்டு கொலை நடந்த செப்டம்பர் 30 அன்னைக்கு ஸ்காட்லாந்துல.

பார்வதிபுரம் டீச்சர்:
டிஎன்ஏ விஷயம் நான் சொல்லுகேன். 2007ல ஒருத்தர் ஏலத்துல எடுத்த சால்வை, எடோஸ் உடம்பு பக்கம் கெடந்ததுன்னு குடும்பக் கதை. போலீஸ் எழுதி வச்ச அவங்க பொருள் பட்டியல்ல அந்த சால்வையே இல்ல. அதுல எடுத்தது அம்மா வழியா வாற மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, ஒரே மாதிரி ஆயிரக்கணக்கான பேருக்கு இருக்கலாம். எத்தனை கை பட்டிருக்கும் அதுல! அதை வச்சு கோஸ்மின்ஸ்கிங்கிற போலந்து நாட்டு முடிவெட்டுறவரு மேல கொலைப் பழி போடது பாவம்.

எங்க வீட்டுப்பக்கம் கள்ளியங்காட்டு நீலி கதை ஒவ்வொரு வாயில ஒவ்வொரு மாதிரி வரும். வில்லுப்பாட்டுல கேட்டது ஒண்ணு, பாட்டி சொன்னது வேற. அங்க யாரும் அதை கேஸ் கட்டுன்னு சொல்லல்ல. இது அப்படி இல்ல, நெசமா செத்தவங்க, பேரு இருக்கு: மேரி ஆன் நிக்கோல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி. நிக்கோல்ஸ்கிட்ட அன்னைக்கு ராத்திரி படுக்கைக்கு குடுக்க நாலு பென்னி இல்ல, அதனால விடுதியில இருந்து வெளிய அனுப்பினாங்க. சாப்மனுக்கும் அதே கதி, நோயாளி வேற. எடோஸ் குடிச்சிருந்தாங்கன்னு பிடிச்சு வச்சிருந்து ராத்திரி ஒரு மணிக்கு ஸ்டேஷன்ல இருந்து விட்டாங்க, முக்கா மணி நேரத்துல பொணமா கெடந்தாங்க. அஞ்சு பேரும் விபச்சாரம் பண்ணினவங்கன்னு எல்லா வீடியோவும் சொல்லுது, எல்லாருக்கும் அதுக்கு ஆதாரம் கெடையாது. எனக்கு இதுலதான் ரொம்ப கோவம் வரும்.

தக்கலை வாசகன்:
டீச்சர், ரொம்ப நன்றி. அப்பம் அஞ்சு பேருன்னு கணக்கு போட்டது யாரு? அதுவாவது உறுதியா?

பார்வதிபுரம் டீச்சர்:
அதுவும் முழுசா உறுதி இல்ல மக்களே. போலீஸ் ஃபைல்ல 1888ல இருந்து 1891 வரை 11 கொலை உண்டு. அஞ்சுதான் ஒரே ஆளு செஞ்சதுன்னு மெக்நாட்டன்ங்கிற போலீஸ் அதிகாரி 1894ல ஒரு குறிப்பு எழுதினாரு, அவரு போலீசுல சேந்ததே 1889ல, கொலை நடந்த நேரம் அங்க இல்ல. சந்தேகப்பட்ட மூணு பேரை சொன்னாரு பாருங்க, அதுல ட்ரூயிட்டை 41 வயசு டாக்டர்னு எழுதியிருக்காரு, அவரு 31 வயசு வக்கீலாக்கும், பள்ளிக்கூடத்துல பாடமும் எடுத்தவரு. ஆஸ்ட்ராக்குங்கிறவன் அந்த நேரம் பிரான்ஸ்ல ஜெயில்ல கெடந்தான். மூணாவது ஆளுதான் மச்சான் சொல்லுத அந்த கோஸ்மின்ஸ்கி.