முதல் வண்டி: பழைய ஆர்.எக்ஸ்.100 எடுக்கவா, சித்தப்பாவின் புல்லட்டை எடுக்கவா?

சேரன்மகாதேவிப் பையன்:
அண்ணாச்சிமாரே, ஒரு சந்தேகம். வயது 23. சொந்தமாக வண்டி வைத்ததில்லை, லைசென்ஸ் எடுத்ததே நண்பனின் ஸ்பிளெண்டரில்தான். இப்போது பாளையங்கோட்டையில் வேலை. பத்தமடை, மேலச்செவல் வழியாகப் போக வர நாற்பது கிலோமீட்டர் ஆகிவிடும். பழைய வண்டி மேல்தான் ஆசை.

மேலப்பாளையத்தில் 1994 யமஹா ஆர்.எக்ஸ்.100 ஒன்று பார்த்தேன். பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது, 95,000 சொல்கிறார். ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஆக்சிலரேட்டரை விட்டால் ரேஸ் உடனே இறங்கவில்லை, கொஞ்ச நேரம் கத்திவிட்டுத்தான் அடங்குகிறது. கார்பரேட்டரை டியூன் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்.

இன்னொன்று சித்தப்பாவின் 1986 புல்லட் 350. வலது பக்கம் கியர். மூன்று வருடமாகத் தொழுவத்தில் நிற்கிறது. "ஓட்டுவதென்றால் எடுத்துக்கோ" என்கிறார். எதை எடுக்க?

அம்பை ஒர்க்‌ஷாப்:
தம்பி, நீ போனபோது இஞ்சின் சூடாக இருந்ததா என்று தொட்டுப் பார்த்தாயா? விற்கிறவர் நீ வருவதற்குள் இரண்டு தடவை ஓட்டி வைத்திருந்தால் எந்த வண்டியும் ஒரே கிக்கில் எடுக்கும். சொல்லாமல் காலையில் போ. சைலன்ஸர் ஜில்லென்று இருக்க வேண்டும்.

ரேஸ் இறங்காமல் நிற்பது வெறும் டியூனிங் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆக்சிலரேட்டர் கேபிள் சிக்காமல் இருந்தால், எங்கோ காற்று இழுக்கிறது. கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்திருக்கும், இல்லையென்றால் கிராங்க் சீல், அதாவது கிராங்க் தண்டின் முனையில் காற்றும் ஆயிலும் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், போயிருக்கும். ரப்பர் என்றால் சின்னச் செலவு. கிளட்ச் பக்கத்து சீல் என்றால் இஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடிக்கும், வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காது. இது டூ ஸ்ட்ரோக், பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும். காற்று கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும், பெட்ரோலிலேயே ஆயில் கலந்த வண்டியென்றால் ஆயிலும் குறையும். மேலச்செவல் தாண்டும்போது பிஸ்டன் பிடித்துக்கொண்டு பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் முதல் வண்டிக்காரன் என்ன செய்வான்?

இன்னொன்றையும் கேள்: ஆயில் பம்ப் இருக்கிறதா, கழற்றிவிட்டார்களா? யமஹா அதற்குத் தனி ஆயில் டேங்கும் பம்பும் வைத்திருந்தது. பலர் கழற்றிவிட்டு பெட்ரோலிலேயே 2டி ஆயில் கலந்து ஓட்டுவார்கள். அது தெரியாமல் வெறும் பெட்ரோல் போட்டால் இஞ்சின் அன்றே போய்விடும்.

வண்ணார்பேட்டை:
வண்டி 2023 டிசம்பரில் எங்கே நின்றது என்று கேட்டீர்களா? அந்தத் தாமிரபரணி வெள்ளத்தில் முங்கிய வண்டிகள் இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. நானே ஒன்று வாங்கி ஏமாந்தேன். மேலே புதுப் பெயிண்ட், ஹெட்லைட்டைக் கழற்றினால் கிண்ணத்துக்குள் ஒரு விரல் கனத்துக்குக் காய்ந்த வண்டல், தாமிரபரணி மண் வாசத்தோடு! சீட்டுக்கு அடியில் வயர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். டேங்குக்குள் டார்ச் அடியுங்கள்.

ஆர்.சி. அலைச்சல்:
எல்லாரும் இஞ்சினையே பார்க்கிறீர்கள். முதலில் காகிதம். தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருடம், அதன்பின் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 1994 வண்டி என்றால் எத்தனை தடவை புதுப்பித்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். சேஸிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். விற்கிறவர் பெயரும் ஆர்.சி. பெயரும் ஒன்றாக இருந்தால் பெயர் மாற்றும் 29, 30 படிவங்களோடு முடியும். இல்லையென்றால் இடையில் இருக்கும் ஆளைத் தேடி அலைய வேண்டும்.

டவுன் சி.டி.100:
கேட்காததைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். தினமும் வேலைக்குப் போகப் பழைய டூ ஸ்ட்ரோக் எதற்கு? பழசுதான் வேண்டுமென்றால் ஹீரோ ஹோண்டா சி.டி.100 பாருங்கள். 1985-இல் வந்தது, ஃபோர் ஸ்ட்ரோக், ஆயில் கலக்கும் தலைவலி இல்லை. இதை வைத்திருந்தால் டீக்கடையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதுவும் ஒரு வசதிதான்.

கல்லிடை அக்கா:
நான் ஓட்டக் கற்றதே அப்பாவின் புல்லட்டில்தான் தம்பி. எடை 160 கிலோவுக்கு மேல், ஓடும்போது தெரியாது, நிறுத்தும்போதுதான் தெரியும். பயம் எடையில் இல்லை, காலில். வலது காலில் கியர், முதல் கியர் மேலே, மற்றவை கீழே. பிரேக் இடது காலில். திடீரென்று மாடு குறுக்கே வந்தால் ஸ்பிளெண்டர் பழக்கத்தில் வலது கால்தான் அழுத்தும், அங்கே பிரேக் இருக்காது. ஒரு மாதம் மைதானத்தில் ஓட்டிவிட்டு ரோட்டுக்கு வாருங்கள்.

கிக் அடிப்பதற்கும் முறை உண்டு. சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்துங்கள், இறுகி நிற்கும். டிகம்ப்ரஸரை (இஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் சின்ன லீவர்) பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கினால் ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும். டிகம்ப்ரஸரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. அவசரப்பட்டால் திருப்பி அடிக்கும். என் கணுக்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

சேரன்மகாதேவிப் பையன்:
இன்று காலை ஆறரை மணிக்குச் சொல்லாமல் போய் நின்றேன். சைலன்ஸர் ஜில்லென்று இருந்தது. பதினோரு கிக். புகை தெருவை மறைத்தது, சூடான பிறகும் நிற்கவில்லை. ஆர்.சி.யில் இருக்கும் பெயர் யாருடையது என்று கேட்டேன். "அவர் இறந்துவிட்டார், அது ஒன்றும் பிரச்சினை இல்லை" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆர்.சி. அலைச்சல்:
டீயோடு போயிற்று. அந்த வண்டி முதலில் 31-ஆம் படிவம் கொடுத்து வாரிசு பெயருக்கு மாற வேண்டும், பிறகுதான் உங்களுக்கு. சித்தப்பா வண்டிக்கும் ஆர்.சி. தேதியைப் பாருங்கள்.

சேரன்மகாதேவிப் பையன்:
பார்த்துவிட்டேன், பதிவு முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் சித்தப்பா பெயரில்தான் இருக்கிறது, புதுப்பிக்க அவரே கூட வருகிறாராம். அதுவரை பஸ்தான். சாயங்காலம் புல்லட்டை வெளியே தள்ளினோம். சைலன்ஸர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. டேங்கில் பெட்ரோல் இல்லை, பழைய வார்னிஷ் வாசம் வருகிறது. ஒரு கிக் அடித்துப் பார்க்கவா?

அம்பை ஒர்க்‌ஷாப்:
கிக்கரில் கால் வைக்காதே. கூட்டை எடு, டேங்கைக் கழுவு, பெட்ரோல் டியூபை மாற்று, இப்போது வரும் எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. பிளக்கைக் கழற்றி நாலு சொட்டு ஆயில் விட்டு வை. ஞாயிற்றுக்கிழமை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வா. சித்தப்பாவையும் கூட்டி வா, அந்த வண்டி முன்பு எப்படி ஓடியது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.