காட்டுப்பன்றியின் முன்னங்காலும் கழுத்தும்: நார் இறைச்சி சமைத்த அனுபவம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வயல் செய்கிற வீடுகளுக்குக் காட்டுப்பன்றி இறைச்சி புதிதில்லை. பெரும்போகத்தில் கதிர் முற்றத் தொடங்கினால் இரவில் பன்றிக்கூட்டம் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்கிவிடும். சேனையில் சோளனும் மரவள்ளியும் போட்டவர்கள் பாடு இன்னும் மோசம், விடிந்து பார்த்தால் உழுதுவிட்ட மாதிரிக் கிடக்கும். காவலுக்குப் போனவர்களுக்கு ஒன்று அகப்பட்டால் ஊரில் நாலு வீட்டுக்குப் பங்கு வரும். பங்கு வைக்கும்போது எல்லாருக்கும் முதுகுத்தசையும் விலாவும்தான் வேண்டும். முன்னங்கால், கழுத்து, முழங்காலுக்குக் கீழே உள்ள நாரும் சவ்வுமான துண்டுகள் கடைசிவரை இலையில் கிடக்கும். நான் இப்போது அவற்றைத்தான் கேட்டு வாங்குகிறேன். ஆற அமரச் சமைத்தால் காட்டுப்பன்றியில் அவற்றை மிஞ்சின இறைச்சி கிடையாது.

பன்றி நாள் முழுக்க மூஞ்சியால் மண்ணைக் கிளறித் தின்னும் பிராணி. அந்த வேலை முழுவதும் கழுத்திலும் முன்னங்காலிலும்தான் விழுகிறது. அதனால் அங்கே தசையைக் கட்டிப் பிடிக்கும் வெள்ளை நார், அதாவது கொலாஜன், நிறைய இருக்கும். இது பட்டென்று வேகாது. சூடு 70 பாகை செல்சியசைத் தாண்டி, அந்தச் சூட்டிலேயே மணிக்கணக்கில் இருந்தால்தான் கரைந்து ஜெலட்டின் ஆகும். தசை நார் அப்படியில்லை. சூடு பட்டதும் சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நடப்பதால், அடுப்பில் வைத்து ஒரு மணித்தியாலத்தில் எடுத்துப் பார்த்தால் இறைச்சி பச்சையாக இருந்ததைவிடக் கடினமாக இருக்கும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். 'கிழட்டுப் பன்றி, வேகாது' என்று சொல்லித் தீயைக் கூட்டிவிடுவார்கள். தளதளவென்று கொதித்தால் தசை இன்னும் இறுகும், குழம்பும் கலங்கிப்போகும்.

எனக்கு இதைக் கையோடு காட்டித் தந்தவர் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கும் என் மனைவியின் மாமி. அவர் பன்றிக்கறியை வீட்டு அடுப்பில் ஏற்றமாட்டார். வளவின் பின்பக்கம் மூன்று கல் வைத்து, அதற்கென்றே வைத்திருக்கும் மண்சட்டியில்தான் காய்ச்சுவார். வைகாசியில் கண்ணகையம்மன் சடங்கு நடக்கும் நாட்களில் அந்தச் சட்டி வெளியே வரவே வராது. முதன்முதல் அவரோடு உட்கார்ந்து காய்ச்சியபோது நான் விறகைத் தள்ளித் தள்ளி வைத்தேன். "அவசரப்படாத மனே, கொள்ளிய இழுத்து வை, தணல்ல கிடக்கட்டும்" என்றார். குழம்பின் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும், சட்டி முழுக்கக் குமிழி வந்தால் தீ கூடிவிட்டது. இதுதான் அவருடைய அளவு.

அவர் செய்கிற முறை இது. தோலோடு வரும் துண்டென்றால் காய்ந்த தென்னோலை கொளுத்தி மயிரைப் பொசுக்கி, கத்தி முதுகால் சுரண்டி, மஞ்சள் போட்டுக் கழுவுவார். முன்னங்காலைச் சிறிதாக வெட்டமாட்டார். எலும்போடு உள்ளங்கையளவு துண்டுகள்தான். சின்னத் துண்டு என்றால் நார் கரைவதற்குள் தசை சக்கையாகிவிடும் என்பார். உப்பு, மஞ்சள், இடித்த மிளகு, நசுக்கிய இஞ்சி, உள்ளி போட்டுப் பிரட்டி, தண்ணீர் விடாமல் சட்டியில் ஏற்றுவார். இறைச்சி தன் தண்ணீரை விட்டு, அது வற்றி, கொழுப்பு பிரிந்து சட்டியின் அடியில் சடசடவென்று சத்தம் கேட்கும். அதன்பிறகுதான் வெங்காயம், கறிவேப்பிலை, றம்பை இலை, கறுவா, கருக வறுத்து இடித்த கறித்தூள், புளிப்புக்கு இரண்டு மூன்று சுளை கொறுக்காப்புளி. துண்டுகள் மூழ்கச் சுடுதண்ணீர் விட்டு மூடினால் இளம் பன்றிக்கு இரண்டரை மணித்தியாலம், முற்றியதென்றால் மூன்றரையும் ஆகும். நடுவில் தண்ணீர் குறைந்தால் பச்சைத் தண்ணீர் விடக்கூடாது, சுடுதண்ணீர்தான். பதம் பார்ப்பது அகப்பைக் காம்பால். எலும்புக்கும் தசைக்கும் நடுவே குத்தித் திருப்பினால் தசை தானாகக் கழரவேண்டும். சவ்வு இருந்த இடம் கண்ணாடி மாதிரித் தெளிந்து, கையில் எடுத்தால் விரல் ஒட்டும். தேங்காய்ப்பால் விடுவதானால் கடைசியில் கொஞ்சம் கட்டிப்பால். நான் விடுவதில்லை, நார் கரைந்த குழம்புக்கு அதுவே போதிய தடிப்பு.

கல்முனைப் பக்கத்து நண்பர் ஒருவர் பிரஷர் குக்கரில்தான் போடுவார். முக்கால் மணித்தியாலத்தில் வெந்துவிடுகிறது, அதில் தப்பில்லை. ஆனால் நீராவி தானாக அடங்கும்வரை மூடியைத் திறக்காமல் விடவேண்டும், பிறகு திறந்த சட்டியில் போட்டு வற்றவைக்கவேண்டும். இல்லாவிட்டால் இறைச்சி ஒருபக்கம், குழம்பு ஒருபக்கமாக நிற்கும்.

ஊறவைப்பதில் ஆளுக்கொரு கருத்து. பப்பாசிக்காய்ப் பால் தசையை உடைக்கும் என்பது உண்மை, அதிலுள்ள பப்பெயின் செய்கிற வேலை அது. ஆனால் அது தொட்ட மேற்பரப்பில்தான் வேலை செய்யும். இரவு முழுக்க விட்டால் மேற்புறம் கூழாகி, உள்ளே பழையபடி இருக்கும். நீளக் காய்ச்சும் கறிக்கு அது தேவையே இல்லை, மெல்லிய துண்டாக வெட்டிப் பொரிப்பதற்கு அரை மணித்தியாலம் போடலாம். எனக்குப் பிடித்தது எருமைத் தயிர். மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதற்குப் பஞ்சமா? தயிரும் உப்பும் பிரட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரவு வைத்தால் காட்டு வாடை தணிகிறது, உப்பும் உள்ளே இறங்குகிறது. இன்னொன்று, அடித்த அன்றே சமைக்கவேண்டாம். செத்த உடல் விறைத்திருக்கும் நேரத்தில் அடுப்பில் ஏற்றினால் எவ்வளவு காய்ச்சினாலும் இழுபடும். வெளியே தொங்கவிட நம்முடைய வெக்கை இடம் கொடாது, குளிரில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் நல்லது.

முற்றிய கடுவன் பன்றிக்கு ஒரு மூத்திர வாடை வரும். அது தங்குவது பெரும்பாலும் கொழுப்பில். எத்தனை தூள் போட்டாலும் மறையாது, சூட்டில் இன்னும் எழும். கொழுப்பைக் கூடியமட்டும் சீவி எறிவதுதான் வழி.

எப்படிச் செத்த பன்றி என்பதையும் கேட்டுத்தான் நான் வாங்குவேன். கம்பிச் சுருக்கில் இரவு முழுக்கத் துடித்துச் செத்த பன்றியின் தசை கறுத்து, தொட்டால் பிசுபிசுக்கும். தசையிலுள்ள சர்க்கரைச் சத்தெல்லாம் செலவழிந்துவிடுவதால், செத்தபிறகு தசையில் வழக்கமாக ஏறும் இலேசான புளிப்பு ஏறாது, அதனால் சீக்கிரம் கெட்டும் போகும். அதே சுருக்கில்தான் சிறுத்தையும் மாட்டிச் சாகிறது. தீனுக்குள் வெடிமருந்து வைக்கும் ஹக்கபட்டாஸ் அதைவிடக் கொடுமை. பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடித்து, வாய் கிழிந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் கிடந்து சாகிறது. தாடை சிதறிய பன்றியின் பங்கு எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மான், மரை இறைச்சியும் அப்படித்தான், அவை சட்டம் பாதுகாக்கும் விலங்குகள். கல்லோயாக் காட்டுப் பக்கமிருந்து யாராவது கொண்டுவந்தாலும் வாங்குவதில்லை.

மிச்சம் இருந்தால் வத்தல். நீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் பூசி, ஒருநாள் வெயில் காட்டி, அடுப்புக்கு மேலே பரணில் புகை படப் போடுவது. 17ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், வேடர்கள் மரப்பொந்தில் தேனை விட்டு இறைச்சியை நிரப்பிக் களிமண்ணால் அடைத்து வைப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். தேனில் ஊறிய இறைச்சியை நான் தின்றதில்லை. புகை வத்தலை ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, மரவள்ளிக் கிழங்கோடு சேர்த்துக் காய்ச்சினால் அந்தச் சுவையே வேறு.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவேண்டாம். காட்டுப்பன்றித் தசையில் புழுக்கள் இருக்கலாம், வெயிலும் உப்பும் புகையும் அவற்றைக் கொல்லும் என்று நம்பமுடியாது, சில வகை உறைகுளிரிலும் சாகாது. நடுவில் இளஞ்சிவப்பு இல்லாமல் முழுக்க வேகவேண்டும். கையில் வெட்டுக்காயம் உள்ளவர் பச்சை இறைச்சியைத் தொடவேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாகவும் வரும். 2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் வந்தபோது பலர் பயந்தார்கள். அந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனாலும் தானாகச் செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாமல் கிராம அலுவலருக்கோ மிருக வைத்தியருக்கோ சொல்லிவிடவேண்டும், வளர்ப்புப் பன்றி வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய ஆபத்து.

எனக்கு இன்னும் சரிவராத ஒன்று, முற்றிய கடுவனின் தோளை மூடியிருக்கும் அந்தப் பலகைத் தோல். மூன்றரை மணித்தியாலத்திலும் ரப்பராக நிற்கிறது. வாகரை, மகாஓயாப் பக்கம் உள்ளவர்கள் அதை முதலில் சுட்டுவிட்டுக் காய்ச்சுவீர்களா, அல்லது உரித்து எறிந்துவிடுவீர்களா? செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.